சட்டசபைக்கு ஒரு மனு

பதுளை, 1922 நவம்பர், ஞாயிறு.

கோபம் இன்னும் ஆறவில்லை. இலங்கையின் அரசியல் யாப்பைத் திருத்தச் சொல்லி, தேசாதிபதியான வெள்ளைக்காரக் கவர்னருக்கு எல்லாரும் சேர்ந்து மனு அனுப்பக் கூடினோம். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து வாத்தியார் என்று என்னையும் அழைத்திருந்தார்கள். வக்கீல் தொழில் பார்க்கும் சிங்களப் புரொக்டர், சட்டசபையில் ஊர்வாரியாக ஆசனம் கேட்டார். யாழ்ப்பாணத்துக் கிளார்க்கரும் ஜவுளிக்கடை முதலாளி மரைக்காரும் இனவாரியாகத்தான் வேண்டும் என்றார்கள். பொழுது சாயும்வரை ஒரே கூச்சல்.

"தோட்டத்து ஜனங்களுக்கும் வோட்டு வேணும்னு எழுதுங்க" என்றேன்.

"கூலியளுக்கு ஏன் வோட்டு?" என்றார் கிளார்க்கர். மற்ற இருவரும் உடனே தலையாட்டினார்கள். இதில் மட்டும் என்ன ஒற்றுமை!

"என் ஆத்தா இன்னும் கொழுந்து பறிக்கிறா" என்று சொல்லிவிட்டு, கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்தேன்.

"இனி உங்களைக் கூப்பிட மாட்டாங்க" என்கிறாள் என் மனைவி.

கூப்பிடாவிட்டாலும் போவேன்.