மழைக்குப் பிறகு அளந்த மண்

காரின் பின்பெட்டியைத் திறந்தால் இன்னும் செம்மண் வாடை வருகிறது. மண்ணின் மின்தடையை அளக்க நாம் அடித்து இறக்கும் நான்கு இரும்புக் கம்பிகளை நான் கழுவவில்லை. பத்து காவான் ஊர்த் தொழிற்சாலையின் மண் அவற்றின் முனையில் காய்ந்து கிடக்கிறது. நீ இருந்திருந்தால், "கம்பிய தொடைச்சு வைக்க மாட்டியாடா" என்று ஏசியிருப்பாய்.

கசியும் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிட அந்தத் தொழிற்சாலைக்கு எர்த் போடும் வேலை நம் இருவருடையது. நீ பிறை ஊரில் வேறு வேலையில் இருந்த வாரம், நல்ல மழை பெய்த மறுநாள், நான் தனியாகப் போய் அளந்தேன். "ஈரத்துல அளக்காதடா. அதே மண்ணுதான், காஞ்சிட்டா கரண்ட்ட உள்ள விடாது" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாய். மண்ணின் மின்தடைத்திறன் ஒரே அளவில் நிற்காது, தண்ணீர் வற்ற வற்ற ஏறும். எனக்கும் தெரியும். ஆனால் மீட்டர் அழகான எண்ணைக் காட்டியது. காயும்வரை காத்திருந்தால் அந்த எண் ஏறி, இன்னும் எர்த் கம்பிகள் புதைக்க வேண்டிவரும். அவசரக்குடுக்கை என்று நீ என்னைக் கேலி செய்தது சும்மா இல்லை.

சூலியா தெருவில் தே தாரிக் டீ குடிக்கும்போது கேட்டாய்: "மழைக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடிதான் லா."

நீ ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டாய். இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்.

வெயில் மாதத்தில் அங்கே ஒரு மின்பெட்டியில் கசிவு. கசிந்த மின்சாரம் மண்ணுக்குள் இறங்க முடியாமல் பெட்டியிலேயே நின்றது. மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டிய பிரேக்கரும் விழவில்லை. பார்க்கப் போன நீ அதில் கை வைத்தாய். நீ செத்தது உன் கவனக்குறைவால் என்று விசாரணையில் எழுதி முடித்துவிட்டார்கள். நானும் தலையாட்டினேன்.

நேற்று அதே இடத்தில் மறுபடி அளந்தேன். காய்ந்த மண் நீ சொன்னதைத்தான் காட்டியது. அந்தத் தாளோடு உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேட்டாள்: "அவரு கவனமில்லாத ஆளா அண்ணே? பிள்ளைங்க கேக்குதுங்க."

"இல்லம்மா. மழைக்குப் பிறகு அளந்துட்டு அவன்கிட்ட பொய் சொன்னேன்."

"மழைக்கும் அவருக்கும் என்ன அண்ணே?"

ஈர மண்ணும் காய்ந்த மண்ணும் ஒன்றில்லை என்று முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன். பாதியிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. எனக்கு வைத்த தண்ணீரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

உன் கேள்விதான் என்னிடம் இருக்கிறது. இன்னொரு தடவை கேளேன்டா. பின்னாடி. மழைக்குப் பின்னாடிதான் அளந்தேன்.