மலையைப் பார்த்த அம்புக்குறி

ஆஸ்திரேலியா
12-8-1979

அன்புள்ள வேதா,

நான் சுகம். அம்மாவின் முட்டிவலி குறைந்ததா? சின்னவள் நடக்கிறாளா?

நீ அனுப்பிய கல் வந்து சேர்ந்தது. பாறைக்குள் இருக்கும் காந்தம், அது உருவான காலத்தில் வடக்கு எந்தப் பக்கம் இருந்தது என்பதை அப்படியே வைத்திருக்கும். நம் நாட்டுக் கற்களையும் இந்த நாட்டுக் கற்களையும் ஒப்பிட்டுத்தான் இரண்டு நிலங்களும் எப்போது பிரிந்தன என்று கணக்கிடுகிறோம். உன் கல் மட்டும் எதோடும் ஒத்துப்போகவில்லை. பேராசிரியர் இரண்டு நாள் கருவியைச் சந்தேகப்பட்டார்.

பிறகுதான் உன் கடிதத்தை மறுபடி படித்தேன். "அப்பா கிணத்துல பாறையைப் பேத்து எடுக்கறதுக்கு முன்னாடியே, நீங்க சொன்ன மாதிரி திசைக்கு அம்புக்குறி போட்டுட்டேங்க, மலையைப் பாத்து" என்று எழுதியிருக்கிறாய். நாங்கள் அந்த அம்பை வடக்கு என்று எடுத்துக்கொண்டோம். 'வடக்கு' என்று எழுதாமல் விட்டது என் தப்பு. நம் கீழ்பென்னாத்தூரில் திசை என்றால் மலைதானே! பேராசிரியருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

ஓவர்சியரிடம் காம்பஸ் வாங்கி, கிணற்றடியிலிருந்து மலை எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று பார்த்து எழுது. கல் வீணாகாது. கொஞ்சம் மிளகாய்த்தூளும் அனுப்பு.

மிச்சத் துண்டு என் மேஜைமேல் இருக்கிறது. உன் அம்பு நம் மலையைப் பார்க்கும்படி வைத்திருக்கிறேன். அறை துடைக்க வருகிறவர் தினமும் நகர்த்திவிடுகிறார். நானும் தினமும் திருப்பி வைக்கிறேன்.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

உன்
தெய்வசிகாமணி