கிழியாத புத்தகங்கள்

இன்று ஐப்பசி ஏழு. எனக்கு எழுபத்தெட்டு வயது, மூன்று மாதம், ஒன்பது நாள். நாள் கணக்குக்கூடத் தவறவிடாத கிழவி என்று நீ கேலி செய்திருப்பாய்.

என் மேசைமேல் கிடக்கும் கிழிந்த பாட்டுப் படப் புத்தகத்தில் அந்துருண்டை நாற்றம் அடிக்கிறது. நேற்று புதுப்பட்டினத்தில், நீ ஆயுள் முழுவதும் நடத்திய குழந்தைகள் மையத்தில், உனக்கு இரங்கல் கூட்டம். உன் பீரோவைத் திறந்து, உறை பிரிக்காத பன்னிரண்டு புத்தகங்களை அடுக்கிவைத்து, "ஒரு தாள் கசங்காமல் காத்தார்" என்று ஒருவர் புகழ்ந்தார். எனக்கு உடம்பு எரிந்தது. இரண்டு வயதுக் குழந்தையின் எச்சில் படாத பாட்டுப் புத்தகம் எதற்கு ஆகும்?

நான் கல்லூரியிலிருந்து, மையங்களைப் பார்வையிடும் வேலையாக, முதன்முறை உன் மையத்துக்கு வந்த காலை நினைவிருக்கிறது. புத்தகத்தை மோவாய்க்குக் கீழே, படம் குழந்தைகளைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, எழுத்தைப் பாராமலே பாடினாய். நண்டுப் பக்கம் வந்ததும் பதினைந்து வாண்டுகளும் மேலே விழுந்து மொய்த்தன. ஒரு பெண் குழந்தை நண்டின் கொடுக்கைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டது. நான் பதறினேன்.

"இன்னா மேடம், நண்ட ஒடிக்காமலா துன்னுவாங்க?" என்றாய். அதன் வாயிலிருந்து தாளை எடுத்துத் துடைத்து, சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டிவிட்டு, விட்ட அடியிலிருந்து பாட்டைத் தொடர்ந்தாய்.

அடுத்த மாதம் உனக்கு மெமோ வந்தது: புத்தகங்கள் கிழிந்துள்ளன, பராமரிப்பு போதாது. பிறகு வந்த புதுப் புத்தகங்கள் நேரே பீரோவுக்குள் போயின. அதிகாரிகள் வரும் நாளில் மட்டும் வெளிவரும். குழந்தைகள் கைகட்டி, எட்ட நின்று அட்டையைப் பார்க்கும்.

அதற்குள் நாம் சிநேகிதிகளாகியிருந்தோம். "பூட்டி வைத்துப் பூசை செய்யவா கொடுத்தார்கள்?" என்று உன்னை எத்தனை முறை திட்டியிருப்பேன்!

"மெமோ உனக்கா வந்துச்சு? படிச்சவ எவளோ எழுதிட்டுப் பூட்டா. அவ கை வெளங்காம பூடும், பாத்துக்கினே இரு" என்று சாவியை இடுப்பில் செருகினாய். நான் நீ ஊற்றிக் கொடுத்த தேநீரைக் குடித்தேன்.

இன்று காலை போய்ப் பன்னிரண்டு உறைகளையும் நானே கிழித்தெறிந்து, புத்தகங்களைக் குழந்தைகள் நடுவே கொட்டினேன். பத்து மணிக்குள் ஒரு புத்தகம் இரண்டாகக் கிழிந்துவிட்டது. ஒட்டுவதற்கு எடுத்து வந்திருக்கிறேன். உன் இடத்துக்கு வந்திருக்கும் பெண்ணுக்கு முகம் வெளிறிவிட்டது. "மேடம், ஸ்டாக்குல கேப்பாங்களே, நான் இன்னா சொல்றது?"

"நான்தான் காரணம் என்று சொல்" என்றேன்.

உன்னிடம் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் அது. நீ சபித்த கை இதுதான். உன் பாட்டில் மெய்மறந்து உட்கார்ந்திருந்த அதே காலையில், என் ஆய்வுப் படிவத்தில் குறை எழுதும் கட்டம் மட்டும் காலியாக இருந்தது. காலியாக விட்டால் நான் சரியாகப் பார்க்கவில்லை என்பார்களே என்று, 'பராமரிப்பு போதாது' என எழுதினேன்.