விண்டோஸ் மட்டும்தான் அழியும்

மண்ணூர்
9.6.2025

அன்புள்ள இசை அக்காவுக்கு,

பக்கத்து வீட்டு அமலா அக்கா உங்கள் கம்பெனி பஸ் ஏறுவதற்குள் எழுதிக் கொடுக்கிறேன். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே நிற்பார். எனக்கும் போனில் பேச்சு வராது, உனக்கே தெரியும்.

நீ அனுப்பிய பென்டிரைவ் வந்தது. பள்ளியில் உனக்குக் கொடுத்த லேப்டாப், திறப்பதற்குள் சோறு வெந்துவிடுகிறது. விண்டோஸை எடுத்துவிட்டு அந்தப் பென்டிரைவில் இருக்கும் லினக்ஸைப் போட்டால் வேகமாகும், டைப்பிங் பழகி வேலைக்குப் போகலாம் என்று நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒன்பதாவதோடு நின்ற என்னைப் பற்றி வேறு யார் யோசிக்கிறார்கள்?

பாதி வரை சரியாக வந்தது. பிறகு 'எரேஸ் டிஸ்க்' என்று கேட்டது. எரேஸ் என்றால் அழிப்பதுதானே? பயந்து நிறுத்திவிட்டேன். அம்மா கோயிலில் கூழ் ஊற்றும் வீடியோ அதில்தான் இருக்கிறது. அம்மா போன பிறகு அப்பா ஞாயிறுதோறும் அதைப் பார்ப்பார். என்ன செய்யட்டும்?

உன் தங்கை,
வேல்விழி


ஒரகடம் விடுதி
11.6.2025

விழிக்குட்டிக்கு,

அதையே அமுக்கு. விண்டோஸ் மட்டும்தான் அழியும். போட்டோ, வீடியோவெல்லாம் அப்படியே இருக்கும். எதையும் திறந்து பார்த்துக்கொண்டிருக்காதே. ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வருகிறவர் கம்ப்யூட்டர் படித்தவராம், லேப்டாப்பைக் கையில் எடுத்தாலும் எடுப்பார். அதற்குள் முடித்துவிடு, என் செல்லம்.

இசை


மண்ணூர்
16.6.2025

அன்புள்ள அக்கா,

லினக்ஸ் நன்றாக ஓடுகிறது. வீடியோ இல்லை.

நேற்று அப்பா தேடியபோது நீ பக்கத்தில்தான் நின்றாய். "இவதான்ப்பா எதையோ நோண்டிகினு இருந்தா. எனக்கு இன்னா தெரியும்?" என்றாய். "உங்கம்மாவ ரெண்டாவது வாட்டி சாவடிச்சிட்டியேடி" என்று அப்பா சொன்னது உனக்கும் கேட்டிருக்கும். வந்தவர்கள் எதிரில் அழக்கூடாதென்று அடுப்படிக்குப் போய்விட்டேன்.

பயத்தில் அப்படிச் சொல்லிவிட்டாய் என்றுதான் நினைக்கிறேன். நீதான் அமுக்கச் சொன்னாய் என்று அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு அக்கா. அவர் என்னோடு பேசுவதில்லை.

விழி


மண்ணூர்
21.7.2025

இசைவாணி அக்காவுக்கு,

உன்னிடமிருந்து பதில் வரவில்லை.

ஆடி பிறந்த அன்று அமலா அக்கா அவள் போனைக் காட்டினாள். "இன்னாடி, வீடியோ போச்சின்னு உங்கப்பா அந்தக் கத்து கத்தினாரு, இதோ கீதே!" உன் ஸ்டேட்டஸில் அம்மா கூழ் ஊற்றிக்கொண்டிருந்தாள். அப்பாவுக்குத் தெரியாதபடி வைத்திருக்கிறாய். முன்னமே உன் போனில் ஏற்றிக்கொண்டு, எல்லாம் அழியும் என்று தெரிந்தே அமுக்கச் சொல்லியிருக்கிறாய்.

நீயும் கம்பெனியில் உன் லைனில் வேலை செய்யும் பிரசன்னாவும் எடுத்துக்கொண்ட போட்டோக்களை நான் போன வருஷமே லேப்டாப்பில் பார்த்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம்கூட. கேட்டிருந்தால் அதை மட்டும் அழித்திருப்பேனே.

அமலா அக்கா வீடியோவை இறக்கிக் கொடுத்தாள். அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். எப்படிக் கிடைத்தது என்று கேட்டார். "நானே தேடி எடுத்துட்டேன்ப்பா" என்றேன். உன் கல்யாணம் நல்லபடியாக நடக்கட்டும்.

லினக்ஸ் போடும்போது யார் பெயரில் கணக்கு என்று கேட்டது. உன் லேப்டாப் ஆயிற்றே, உன் பெயரைக் கொடுத்தேன். திறக்கும்போதெல்லாம் 'இசைவாணி' என்று வரும். இப்போது என் பெயரில் புதிதாக ஒன்று போட்டு, பழையதை நீக்கக் கற்றுக்கொண்டேன். நீக்குவதற்கு முன்னால், நிச்சயமாகவா என்று கேட்டது.

இந்த முறை யாருக்கும் எழுதிக் கேட்கவில்லை.

வேல்விழி