ஒன்றும் பதிவாகாது என்று சொன்னேன்

ஓசூர்,
12.10.2025,
ஞாயிறு காலை.

அன்பு வீரலட்சுமிக்கு,

ஜோதிமணி எழுதுவது. நீ நலமா? உன் அம்மாவுக்கு முட்டி வலி தேவலையா? உங்கள் மத்தூர்ப் பக்கம் நல்ல மழை என்று நம் ஹாஸ்டல் ரங்கம்மா சொன்னாள்.

போன மாதம் ஆறாம் தேதி நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹாஸ்டல் படியிறங்கிய நாளிலிருந்து உனக்கு எத்தனை தடவை போன் போட்டேன் என்று எனக்கே தெரியாது. என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டாய் என்பது புரியவே ஒரு வாரம் ஆனது. கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்தவளின் லட்சணம் இது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். உறையில் என் பெயரைப் பார்த்த பிறகும் இவ்வளவு தூரம் வந்திருக்கிறாய் என்றால் முழுவதும் படித்துவிடு. அப்புறம் வேண்டுமானால் கிழித்துக்கொள்.

நம் அறையில் உன் கட்டிலுக்கு இன்னும் ஆள் வரவில்லை. நான்தான் துணியைக் குவித்து வைத்திருக்கிறேன். வார்டன் நாகம்மாள் பார்க்கும்போதெல்லாம் திட்டுகிறார். குளியலறைக் குழாய் நீ விட்டுப்போன மாதிரியே ஒழுகிக்கொண்டிருக்கிறது.

ஹரிணி செய்தி உனக்கு எட்டியிருக்கும். செப்டம்பர் இருபத்தாறாம் தேதி, காலை ஷிஃப்ட், நாலாம் லைன் பிரஸ் மிஷினில் கை மாட்டிக்கொண்டது. வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். நம் அறையிலேயே சின்னவள். நகத்துக்கு மருதாணி வைத்தால் சூப்பர்வைசர் திட்டுவார் என்று காலில் வைத்துக்கொள்வாளே, அந்தப் பெண். ஆஸ்பத்திரியில் என்னிடம் அவள் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "கதவு தொறந்துதான்க்கா இருந்துச்சு. தொறந்திருந்தா பிரஸ் எறங்காதுன்னுதானே சொல்லிக் குடுத்தாங்க?"

அன்று சாயங்காலமே பிரஸ்ஸின் கதவு ஸ்விட்சை அமுக்கி ஒட்டியிருந்த டேப்பை எடுத்துத் துடைத்துவிட்டார்கள். ஆயுத பூஜைக்கு அதே பிரஸ்ஸுக்குச் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று எல்லாம் வைத்தார்கள். எல்லாரும் கும்பிட்டார்கள். எனக்குக் கை எழும்பவில்லை. கம்பெனி எழுதிக் கொடுத்திருப்பது என்ன தெரியுமா? தொழிலாளியின் கவனக்குறைவாம். ஸ்விட்ச் நல்ல நிலையில் இருந்ததாம். அதைப் பற்றி அதற்கு முன் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லையாம். தொழிற்சாலை ஆய்வாளரின் விசாரணை தீபாவளி முடிந்து இருபத்து மூன்றாம் தேதி, வியாழக்கிழமை நடக்கிறது.

யாரும் சொன்னதில்லை என்பது பொய். நீ சொன்னாய். இனிச் சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன், வீரா. நீ சொன்னது நம் சாட் சர்வரில்; அது அவர்கள் கைக்குப் போனது என்னால்; உன் வேலை போனதும் என்னால்.

அந்த சர்வரை நான் ஏன் போட்டேன் என்று உனக்குத் தெரியும். ஹாஸ்டல் வாட்ஸ்அப் குரூப்பில் வார்டன் இருந்தார். சோற்றில் கல் என்று ரங்கம்மா எழுதியதற்கு அவள் அப்பாவைப் போனில் கூப்பிட்டு உங்கள் பெண் சரியில்லை என்றார். நமக்கென்று தனியாக ஓர் இடம் வேண்டும் என்று எல்லாரும் சொன்னீர்கள். நான் மார்தட்டிக்கொண்டேன். வார்டனின் பிரிண்டரைச் சரிசெய்து கொடுத்து, ஆபீஸ் அறையில் தூசி படிந்து கிடந்த பழைய கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கினேன். ரூட்டர் அந்த அறையில் இருந்ததால் கம்ப்யூட்டரும் அங்கேயே இருக்கட்டும் என்று விட்டேன். அந்த அறைச் சாவி யார் இடுப்பில் தொங்குகிறது என்று யோசித்தேனா? இல்லை.

மூன்று ஞாயிற்றுக்கிழமை அதன் முன்னால் உட்கார்ந்தேன். ஒரு நீளமான செட்டிங் ஃபைல், இருநூறு வரிக்கு மேல் இருக்கும். யார் உள்ளே வரலாம், எத்தனை அரட்டை அறை, வந்ததும் என்ன வாசகம் தெரிய வேண்டும் என்று எல்லாவற்றையும் அதில்தான் எழுத வேண்டும். வேண்டாத வரியின் தலையில் # என்று ஒரு குறி போட்டால் சர்வர் அந்த வரியைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும். தமிழுக்கு ஒன்று, கன்னடத்துக்கு ஒன்று, தெலுங்குக்கு ஒன்று என மூன்று அறை வைத்தேன். ஒரே வாரத்தில் நாற்பத்து மூன்று பேரும் தெலுங்கு அறையில் வந்து அடைந்தீர்கள், ரங்கம்மாவின் ஊர்க்கதை அங்கேதான் ஓடுகிறது என்று. எனக்கு அப்போது எவ்வளவு பெருமை தெரியுமா!

இரண்டு தப்பு செய்தேன். இரண்டும் கம்பெனி நமக்குப் பழக்கிவிட்டவை. நம் லைனில் மட்டும் மூன்று மஞ்சுளா, இரண்டு வீரலட்சுமி. அதனால் கம்பெனியில் கூப்பிடுகிற மாதிரி டோக்கன் நம்பரையே எல்லாருக்கும் பெயராக வைத்தேன். நீ 2716. நம் இடம் என்று சொல்லிவிட்டு, அங்கேயும் அவர்கள் கொடுத்த நம்பரையே ஒட்டினேன்.

இரண்டாவது, பதிவு வைக்கவா வேண்டாமா என்று அந்த ஃபைலில் ஒரு வரி இருந்தது. வை என்றுதான் முதலிலேயே இருந்தது. நான் குவாலிட்டியில் நாலு வருஷம் இருப்பவள். ரெக்கார்டு இல்லாத பீஸ் வெளியே போகக்கூடாது என்று உடம்பில் ஊறிப்போயிருக்கிறது. சர்வர் எப்போது நின்றது, எப்போது ஓடியது என்று குறித்து வைக்கும் போலிருக்கிறது, நல்லதுதானே என்று விட்டுவிட்டேன். அந்த வரிக்கு ஒரு # போடவில்லை. அது நாம் பேசிய ஒவ்வொரு சொல்லையும் தேதி, நேரம், நம்பரோடு எழுதி வைத்தது. நானோ வரவேற்பு வாசகத்தில், இங்கே பேசுவது எதுவும் பதிவாகாது, தைரியமாகப் பேசுங்கள் என்று எழுதியிருந்தேன்.

செப்டம்பர் நாலாம் தேதி நீ அந்த அறையில் எழுதினாய்: "நாலாம் லைன் பிரஸ்ல கதவு ஸ்விட்ச டேப் போட்டு அமுக்கி வெச்சிருக்காங்க. பீஸ் எண்ணிக்கை கூட்டிக் காட்டறதுக்காம். கதவு தொறந்திருந்தாலும் எறங்குது. யாரும் கைய உள்ள விடாதீங்கடி." இரண்டாம் நாள் உன்னை இனி வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள்.

அன்று நீ என்னைத்தான் முதலில் கேட்டாய், அதை வேறு யாராவது படித்திருக்க முடியுமா என்று. நான் சத்தியம் செய்தேன். அதோடு விட்டேனா? உனக்கு வாய் நீளம், கேன்டீனில் எங்கேயாவது உளறியிருப்பாய் என்றேன். நீ பெட்டியை மூடினாய். அந்த ஜிப் இழுத்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. வேலை போனதை விட அந்தப் பேச்சுதான் உனக்கு வலித்திருக்கும். என்னை மன்னித்துவிடு. மன்னிக்காவிட்டாலும் நான் செய்தது தப்பு, என் தப்பு.

போன ஞாயிறு சர்வர் நின்றுவிட்டது. கம்ப்யூட்டரில் இடமில்லை என்று வந்தது. எது அடைத்துக்கொண்டிருக்கிறது என்று தேடியபோதுதான் அந்தப் பதிவுகளைப் பார்த்தேன். நாளுக்கு ஒன்றாக அடுக்கடுக்காக இருந்தன. பக்கத்திலேயே வார்டனின் கடிதங்கள் இருக்கும் ஃபோல்டர். அதில் ஒரு பக்கம், செப்டம்பர் ஐந்தாம் தேதி போட்டது. எச்.ஆர். மேடம் பார்வைக்கு என்று மேலே எழுதி, 2716 எழுதிய வரிகளை மட்டும் வெட்டி ஒட்டியிருந்தார்.

அந்தப் பக்கத்தை மட்டும் பிரிண்ட் எடுத்தேன். எல்லாரும் பேசிய அந்தப் பதிவுகளை முழுவதும் அழித்தேன். சர்வரை என் லேப்டாப்புக்கு மாற்றி, அந்த வரியின் தலையில் # போட்டேன். ஒரே ஒரு குறி, வீரா. பிறகு அறையில் எல்லாருக்கும் உண்மையை எழுதினேன். பதிவாகாது என்று நான் சொன்னது பொய்யாகிவிட்டது, வேண்டாதவர்கள் போய்விடலாம் என்றேன். பத்தொன்பது பேர் அந்த நிமிஷமே வெளியேறினார்கள். யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் பார்த்தால் வார்டனின் ஃபோல்டர் காலி.

ஆகவே கம்பெனிக்கு முன்னாலேயே தெரியும் என்பதற்கு இப்போது இருப்பது இந்த ஒரு காகிதம்தான். இதில் உன் டோக்கன் நம்பர் இருக்கிறது. வேறொரு கம்பெனியில் உனக்கு நவம்பரில் இன்டர்வியூ என்று ரங்கம்மா சொன்னாள். இந்த ஊரில் ஓர் எச்.ஆருக்குத் தெரிந்தது மற்ற எச்.ஆருக்குத் தெரிய ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். விசாரணையில் உன் பெயர் வந்தால் ஓசூரில் யாரும் உன்னைக் கூப்பிடாமல் போகலாம். அதை மறைத்து உன்னை வா என்று நான் கூப்பிட மாட்டேன்.

நான் எப்படியும் போகிறேன். சர்வர் வைத்தது நான், பதிவு இருந்தது, வார்டன் எடுத்துக் கொடுத்தார் என்று சொல்லப்போகிறேன். உன் பெயரைச் சொல்ல மாட்டேன். காகிதம் இல்லாமல் என் பேச்சு எடுபடுமா என்று தெரியவில்லை. என் வேலை என்னவாகும் என்று நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

சர்வரில் இப்போது யாருக்கும் நம்பர் கிடையாது. ஆளாளுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். ரங்கம்மா கொத்தமல்லி. எனக்கு எல்லாரும் சேர்ந்து ரிஜெக்ட் என்று வைத்துவிட்டார்கள், தகும். ஹரிணி ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் இடது கையால் தட்டித் தட்டி 'எட்டு' என்று வைத்தாள். ஏனென்று ஒருத்தியும் கேட்கவில்லை. பிறகு அவளே, "சிரிங்கக்கா, பரவால்ல" என்று எழுதினாள். 2716-ஐ மட்டும் நான் மாற்றவில்லை. அதற்கு வேறு பெயர் வைக்க எனக்கு உரிமை இல்லை.

அந்தக் காகிதத்தை இதனுடன் வைத்திருக்கிறேன். போனில் படம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு முறை உன்னைக் கேட்காமலே உன் வார்த்தை கைமாறியது. இன்னொரு முறை அது என் கையால் நடக்க வேண்டாம். ஹரிணிக்கும் இதைப் பற்றிச் சொல்லவில்லை. நீ வராவிட்டால் அவள் உன்னைக் குறை நினைக்க வழியில்லை.

வருவதாக இருந்தால் மத்தூரிலிருந்து காலை முதல் பஸ் பிடி. தீபாவளிக் கூட்டம் திரும்புகிற நேரம், கிருஷ்ணகிரியில் உட்கார இடம் கிடைக்காது. ஓசூர் பஸ் ஸ்டாண்டில் எட்டு மணியிலிருந்து நிற்பேன். விசாரணை பதினொரு மணிக்கு. பத்தரை வரை நின்று பார்த்துவிட்டுத் தனியாகப் போய்க்கொள்வேன்.

அம்மாவுக்கு என் வணக்கம். எங்கே இருந்தாலும் நீ பத்து விரலோடு நன்றாக இருக்க வேண்டும்.

கிழித்துக்கொள் என்று முதலில் எழுதினேன் இல்லையா, அது என் கடிதத்தை மட்டும்தான், வீரா.

என்றும் உன்,
ஜோதிமணி