பெயருக்கு முன்னால் ஒரு சொல்

செப்டெம்பர் 6, சனி

ஆய்வு முன்மொழிவை மூன்றாவது தடவையும் திருப்பித் தந்துவிட்டார் விரிவுரையாளர் மடம். முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில்: "வர்ணித்திருக்கிறீர்கள். வாசிக்கவில்லை."

மதில்களில் ஒட்டும் மரண அறிவித்தல்கள்தான் என் ஆய்வு. படமும் எழுத்தும் சேர்ந்து என்ன சொல்கின்றன என்று பார்க்க வேண்டும். போட்டோ எந்த மூலையில், கரை என்ன நிறம், மெழுகுதிரி எந்தப் பக்கம், எல்லாம் எழுதினேன். கண்ணால் கண்டதை எழுதுவது வாசிப்பு இல்லையென்றால் வாசிப்பு என்பது என்ன? கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வகுப்பில் நான் வாய் திறந்தால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களே.

ஒக்டோபர் முடிவதற்குள் இந்த முன்மொழிவை அவர் ஏற்க வேண்டும். இல்லாவிட்டால் ஆய்வு இல்லை. பாடங்களோடு நிறுத்திக்கொண்டு நான் வேலை செய்யும் புதுக்கடை லோயரின் கந்தோரில் காணி உறுதி தட்டச்சடித்தே கிழவியாக வேண்டியதுதான்.

செப்டெம்பர் 7, ஞாயிறு

பூசை முடிந்து றோஸி அன்ரி எங்களோடு வீட்டுக்கு வந்தார். மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டார். "படமும் எழுத்தும்" என்றேன். காசு கட்டிப் படிக்கப் போய்ப் படம் பார்க்கிறாளாமே என்று சிரித்தார். அம்மாவுக்கு ரோசம் வந்துவிட்டது. "சினிமாப் படம் இல்ல, செத்த வீட்டு நோட்டீஸ்" என்றார். அதற்குப் பிறகு அன்ரி தேத்தண்ணியைத் தொடவில்லை.

அவர் போனதும் அம்மாவின் ஏச்சு எனக்குத்தான் விழுந்தது. "அந்தக் கடதாசி ஒண்டும் இனி உள்ளுக்கு வரக்கூடாது. இது வீடு. பிரேதம் புதைக்கிற சேமக்காலை இல்ல."

கட்டிலுக்குக் கீழே இருந்தவற்றை அள்ளிக் கந்தோர் அலுமாரியில் வைக்கப் போகிறேன். வீட்டின் முதல் பட்டதாரியாம். தான் படிப்பதைத் தன் வீட்டில் வைக்க முடியாத பட்டதாரி.

செப்டெம்பர் 13, சனி

அர்பாவோடு வெள்ளவத்தைக்குப் போனேன். வகுப்பில் என்னோடு கதைக்கும் ஒரே ஆள் அவள்தான், கொம்பனித்தெருக்காரி. ஒழுங்கை முகப்பு மதில்களில் இருந்தவற்றைப் போட்டோ எடுத்தோம். ஒரு கடைக்காரர் வெளியே வந்து, செத்தவர் சொந்தமா என்று சிங்களத்தில் கேட்டார். இல்லையென்று சொல்ல வெட்கப்பட்டுத் தலையை ஒரு மாதிரி ஆட்டினேன். மனிதர் பரிதாபப்பட்டு இரண்டு ரொபி இனிப்பு தந்தார்.

அர்பா பஸ் வரும்வரை சிரித்தாள். "நாளைக்கும் வந்து ஒருத்தருக்கு அழு. பிளேன்ரீயும் கிடைக்கும். எங்கட ஆக்களுக்கெண்டா பள்ளிவாசல்ல ஒரு மைக், முடிஞ்சுது. நீங்க போட்டோ போட்டு, பூ போட்டு, ஊரையே பேர் சொல்லிக் கூப்பிடுவீங்க."

அவள் பகிடியாகத்தான் சொன்னாள். ஆனால் உண்மை. செத்தவர் என்ன செய்தார், அவருக்கு எது பிடித்தது, ஒன்றுமே இல்லை. யாரின் மகள், யாரின் மனைவி, யாரின் தாய், அவ்வளவுதான். அவர்களில் ஏற்கெனவே போய்ச் சேர்ந்தவர்களின் பெயர்களுக்கு முன்னால் மட்டும் "காலஞ்சென்ற".

செப்டெம்பர் 20, சனி

அதை வகுப்பில் சொன்னேன். ஓம், வாய் திறந்தேன். மடம் கேட்டார், "சரி, 'காலஞ்சென்ற' என்ற சொல் என்ன செய்கிறது?"

"செத்தவர் எண்டு காட்டுது மடம்."

பின்வரிசை சிரித்தது.

"என்ன கருத்து என்று கேட்கவில்லை. என்ன செய்கிறது என்று கேட்டேன்."

சொல் என்ன செய்யும்? சமைக்குமா? இனி நான் வாய் திறக்கப் போவதில்லை.

செப்டெம்பர் 27, சனி

ஐந்து பக்கம் எழுதி ஐந்தையும் அழித்தேன்.

ஒக்டோபர் 1, புதன்

பிறிஜெற் மாமி காலையில் போய்விட்டார். அப்பாவின் ஒரே அக்கா. நேற்று வரைக்கும் முகத்துவாரத்தில் மீன்காரனோடு சண்டை பிடித்தவர்.

எல்லாரும் அழுதுகொண்டிருக்க அப்பா என்னைக் கூப்பிட்டார். "நீதானே நோட்டீஸ் படிக்கிறாய். நீயே எழுதிக் குடு."

எழுதினேன். கந்தோரில் செய்கிற மாதிரியே. பழைய உறுதியைத் திறந்து பெயர்களை மாற்றினால் புது உறுதி. என்னிடம் இல்லாத நோட்டீஸா? கத்தோலிக்கப் பெண்மணி ஒருவருடையதை எடுத்துப் பெயர்களை மாற்றினேன். அப்பா சத்தமாக வாசித்தார். மாமியின் மகள் றேணுகா கண்ணைத் துடைத்துக்கொண்டே பார்த்து, சரி என்றாள். அச்சுக்குப் போனது.

ஒக்டோபர் 2, வியாழன்

ஐயோ.

றேணுகா மத்தியானம் போன் எடுத்தாள். அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "மதிலைப் போய்ப் பார்" என்றாள்.

போய்ப் பார்த்தேன். மாமி போட்டோவில் சிரிக்கிறார். கீழே: "காலஞ்சென்ற நோபேட் அவர்களின் அன்பு மனைவியும்."

நோபேட் மாமா 2008இல் ஒரு காலை வெள்ளவத்தைக்கு ஒரு அலுவலாகப் போனவர். திரும்பி வரவில்லை. யார் கொண்டுபோனார்கள், எங்கே, ஒன்றும் தெரியாது. மரண அத்தாட்சி எடுக்கச் சொல்லி எத்தனையோ பேர் சொல்லியும் மாமி எடுக்கவில்லை. யார் விசாரித்தாலும் ஒரே பதில்: "அவர் இன்னும் வரேல்ல." இல்லை என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அவருக்காக ஒரு இரங்கல் பூசை கொடுக்கவும் விடவில்லை.

நான் மாற்றிய பழைய நோட்டீஸில் அந்தப் பெண்ணின் கணவர் செத்தவர். நான் அவர் பெயரை மட்டும் எடுத்துவிட்டு மாமாவின் பெயரைப் போட்டேன். முன்னால் இருந்த சொல்லை அப்படியே விட்டுவிட்டேன். அப்பா வாசித்தார், றேணுகா வாசித்தாள், அச்சகத்தில் வாசித்தார்கள், நான், மூன்று மாதமாக இந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருக்கிற நான், வாசித்தேன். எல்லாரும் வாசித்தோம். ஒருத்தரும் வாசிக்கவில்லை.

முகத்துவாரத்துக்குப் போனேன். றேணுகா என்னை ஏசவில்லை. "அம்மா பதினேழு வருஷமாச் சொல்லாததை நீ ஒரு நாளில சொல்லிப் போட்டாய்" என்றாள். பிறகு கத்தரிக்கோலும் வெள்ளைத் தாளும் பசையும் எடுத்து வந்தாள். "வா, ஒட்டுவம்."

வெயிலில் இரண்டு பேரும் மதில் மதிலாகப் போனோம். அந்த ஒரு சொல்லின் அளவுக்கு வெட்டிய துண்டுகள். கொட்டாஞ்சேனையில் ஒரு கிழவர் நின்று பார்த்துவிட்டு, என்ன பிள்ளை எழுத்துப்பிழையோ என்று கேட்டார். றேணுகா ஓம் என்றாள்.

ஒக்டோபர் 3, வெள்ளி

அடக்கம் முடிந்தது. மழை. மாமிக்குப் பக்கத்தில் ஓர் இடம் விடச் சொல்லி றேணுகா கேட்டாள். விட்டிருக்கிறார்கள்.

ஒக்டோபர் 11, சனி

அர்பா நல்லதுக்கு என்று நினைத்து மடத்திடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அவளை என்ன செய்வது!

வகுப்பு தொடங்கியதும் மடம் என்னைப் பார்த்தார். முகமெல்லாம் வெளிச்சம். "அந்த வெள்ளைத் துண்டுதான் உங்கள் ஆய்வு. அதன் போட்டோவை முதல் பக்கத்தில் வையுங்கள். இன்றைக்கே கையெழுத்து வைக்கிறேன்."

மூன்று முறை திருப்பித் தந்த கை. இப்போது தானாக நீள்கிறது.

"ஏலாது மடம்" என்றேன்.

யாரோ பேனையைக் கீழே வைத்தது கேட்டது. ஏன் என்று கேட்டார்.

"அது றேணுகா தன்ர தாய்க்கு ஒட்டினது. எனக்கு ஒட்டினதில்ல. நீங்க அண்டைக்கு அந்தச் சொல் என்ன செய்யும் எண்டு கேட்டீங்க. அது ஆளை முடிச்சு வைக்கும் மடம். இனிப் பாத்துக்கொண்டிருக்காதேங்கோ எண்டு வீட்டுக்காரருக்குச் சொல்லும். போட்டோவில செத்தவர் ஒராள்தான். எழுத்தில நாங்க எத்தினை பேரையும் சாகடிக்கலாம். அதை நான் மற்ற நோட்டீஸ்களை வச்சே எழுதுவன். இத வைக்கமாட்டன்."

இந்த முறை வசனம் முடிந்தது.

மடம் "அப்படியானால் இப்போது சொன்னதை எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார். கையெழுத்து வைக்கவில்லை.

இப்போதும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. அந்தப் போட்டோ ஒன்று போதுமாம், அதில்லாமல் சொன்னால் இன்னும் பதினைந்து பக்கம் வேண்டுமாம்.

ஒக்டோபர் 25, சனி

ஏற்றுக்கொண்டார். ஓரத்தில் சிவப்பு இருக்கிறது. ஆனால் எல்லாம் காற்புள்ளிகள்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். மாமிக்கு மெழுகுதிரி கொளுத்தினோம். றேணுகா நினைவு அட்டை கொண்டு வந்திருந்தாள். இந்த முறை வெற்றுத் தாளில் தொடங்கி, ஒவ்வொரு சொல்லாக நான் எழுதியது. "நோபேட் அவர்களின் அன்பு மனைவியும்." அவள் அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு எனக்கு ஒன்று தந்தாள்.

திரும்பி வரும்போது அம்மா பின்னால் வரவில்லை. பார்த்தால் மதிலடியில் நிற்கிறார். யாரோ ஒரு மனிசியின் புது நோட்டீஸ். வாய் அசைய, வரிவரியாகப் போய்க்கொண்டிருந்தார்.

"பாவம்" என்றார். "புருஷனுக்கும் போட்டிருக்கு, மூத்த மகனுக்கும் போட்டிருக்கு. ரெண்டு பேரும் இவவுக்கு முன்னாலயே போயிட்டினம்."

நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? போனை எடு. கோணலா எடுக்காத, அந்தப் பேருகள் விழவேணும்."