பூசணிக்காய்க்குப் போன ரேம்

2025 செப்டம்பர் 8, திங்கள்

இன்று மானம் கப்பலேறியது. ராதாபுரத்தில் வேதமுத்து அண்ணாச்சியின் மனையில், வேப்பமரத்தடியில் லேப்டாப்பை விரித்து, அவர் கட்டப்போகும் வீட்டைக் காட்டிக்கொண்டிருந்தேன். வாசல், ஹால், அடுக்களை எல்லாம் ஜோராகப் போனது. மாடிப்படியில் பாதி ஏறும்போது திரை கறுத்துவிட்டது. சார்ஜ் காலி. சுற்றிலும் எங்கே பார்த்தாலும் காற்றாலை. ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கிற இடம், எனக்கு ஒரு பிளக் பாயின்ட் கிடையாது!

"மாடியில என்ன இருக்குன்னு அடுத்த தடவ பாத்துக்கிடுவோம்மா. வள்ளியூர்லருந்து இன்னொரு இன்ஜினியரும் வாரேன்னு சொல்லியிருக்காரு" என்றார் அண்ணாச்சி. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதுதான் பயமாக இருக்கிறது. அவர் மனைவி ஜெபகனி அக்கா காப்பித் தூக்கோடு பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். அவர் முறை வருவதற்குள் படமே போய்விட்டது.

சொந்தமாகத் தொழில் தொடங்கி ஐந்து மாதம். இதுவரை கட்டியது ஒரு காம்பவுண்டுச் சுவர், இரண்டு கழிப்பறை. இந்த வீடு எனக்கு வேண்டும். வேண்டும் என்றால் வேண்டும்.

செப்டம்பர் 9

பழைய மாடலுக்குப் புது பேட்டரி எங்கேயும் இல்லையாம். சுஜின் சொல்லுகிறான், "ஏட்டி, பேசாம கார் பேட்டரி ஒண்ணத் தலையில தூக்கிட்டுப் போ." புருஷன் என்று ஒருத்தன்.

செப்டம்பர் 13, சனி

டவுணில் குமரகுருபரனின் கம்ப்யூட்டர் கடை. கல்லூரியில் என்னைப் பார்த்து எழுதிப் பாஸானவன்; அந்த நன்றிக்காவது உண்மை பேசுவான் என்று போனேன். பேசினான்.

"அட்டைப்பெட்டியில பேட்டரி பதினெட்டு மணி நேரம்னு போட்டிருப்பான், நம்பாத. திரைய மங்கலாக்கி, ஒரு வேலையும் பாக்காம சும்மா வச்சிருந்தா அவ்ளோ வரும். நீ த்ரீ டி வீட்டச் சுத்திக் காட்டுனேன்னா பாதிகூட நிக்காது."

இரண்டு புது லேப்டாப் எடுத்து வைத்தான். ஒன்று மெல்லிசு, பார்க்க லட்டு மாதிரி. பேட்டரியும் நிற்கும், பதினாறு ஜிபி ரேமும் உண்டு. ஆனால் எல்லாவற்றையும் போர்டிலேயே ஒட்டிவிட்டார்கள். பிறகு ஒன்றும் கூட்ட முடியாது, எண்பத்திரண்டாயிரம். இன்னொன்று கொஞ்சம் தடி. பேட்டரி என் வேலைக்கு ஆறு மணி நேரம் வரும். ரேம் எட்டுதான், ஆனால் காலி இடம் ஒன்று விட்டிருக்கிறது, வேண்டும்போது சேர்த்துக்கொள்ளலாம். பேட்டரி செத்தாலும் நாலு திருகாணிதான், மாற்றிவிடலாம். அறுபத்தோராயிரம்.

லட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கையில் இருப்பது அறுபத்தெட்டு.

செப்டம்பர் 15

தடியனுக்கே ஓட்டு. ரேம் குறைந்தால் படம் மெதுவாகத்தான் சுற்றும், அதுவரை ஏதாவது பேசி ஒப்பேற்றலாம். பேட்டரி போனால் என்ன பேச? மிச்சம் ஏழாயிரம் ரேமுக்கு. அதைத் தொட்டால் என் பெயர் எப்சி இல்லை.

செப்டம்பர் 20

வாங்கியாச்சு. ஆறு மணி நேரம் பொய்யில்லை. ஆனால் மாடிப்படி வருவதற்குள் ஒரு காப்பி குடித்துவிடலாம். ரேம் அடுத்த மாதம் போட்டுவிட வேண்டும். ஏழாயிரம் பைபிளுக்குள் பத்திரமாக இருக்கிறது.

அண்ணாச்சி போன் செய்தார். "எங்க சபையில அஞ்சாந்தேதி அறுப்புப் பண்டிகை, அசனச் சாப்பாடும் உண்டு. கண்டிப்பா வாங்க. வீட்டுக் காரியம் அதுக்கப்புறம் பேசுவோம்."

வள்ளியூர்க்காரரையும் கூப்பிட்டிருப்பாரோ?

அக்டோபர் 5, ஞாயிறு

ஐயோ. ஐயோ. ஐயோ.

சுஜினுக்கு எங்கள் சபையில் பாட்டு. நான் தனியாகத்தான் ராதாபுரம் போனேன். ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பொருட்களை ஏலம் விட்டார்கள். வாழைத்தார், சேவல், பிறகு ஒரு பூசணிக்காய். மரியாதைக்கு ஒரு தடவை கேட்போமே என்று கை தூக்கினேன். இருநூறு. அண்ணாச்சி முந்நூறு. நான் நானூறு. அவர் அசையாமல் ஐந்நூறு. வேறு யாரும் வாயைத் திறக்கவில்லை.

எனக்குள் ஒரு பேய் ஏறிவிட்டது. துணிச்சல் உண்டா என்று அண்ணாச்சி என்னைச் சோதிக்கிறார் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். மூவாயிரம் தாண்டியதும் சபையே என்னைத் திரும்பிப் பார்த்தது. ஏலம் விட்ட உபதேசியார், "இன்ஜினியரம்மா, போதுமே?" என்றார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்து இன்னும் ஏற்றினேன். ஏழாயிரத்தில் அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டார். மூணு தரம். பூசணிக்காய் எனக்கு. பைபிளுக்குள் இருந்த ஏழாயிரமும் உபதேசியாருக்கு.

திரும்பும்போது பஸ்ஸில் அந்தச் சபைக்கார எலிசபெத் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். மடியில் இருந்த காயைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அது ஜெபகனி தோட்டத்துக் காயில்லா? வருசா வருசம் அவ வைப்பா, அவ மாப்பிள்ளதான் எடுப்பாரு. நாங்க யாரும் போட்டிக்குக் கேக்க மாட்டோம்."

அவர் பெண்டாட்டி காய். அவர் சபை. அவர் ஊர். நான் போய்...

ரேமும் போச்சு. வீடும் போச்சு.

அக்டோபர் 6

சுஜின் சாம்பார் வைக்கலாமா என்று கேட்டான். அடிக்கப் போனேன்.

அக்டோபர் 8

அண்ணாச்சி போன். "சனிக்கிழம மனைக்கு வாங்க." அவ்வளவுதான். குரலில் ஒன்றும் பிடிபடவில்லை.

அக்டோபர் 11, சனி

ஒரு கையில் லேப்டாப், ஒரு கையில் பூசணிக்காய். காயை ஜெபகனி அக்காவிடம் நீட்டி, "தெரியாமப் பண்ணிட்டேன்க்கா" என்றேன். நிஜமாகவே அழுகை வந்தது. அக்கா வாங்கிக் கீழே வைத்தார்.

லேப்டாப்பைத் திறந்தேன். எட்டு ஜிபி தன் புத்தியைக் காட்டியது. திரையில் வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது. அண்ணாச்சி ஒவ்வொரு அறையாகக் கேள்வி கேட்டார், திரையிலேயே மாடி வரை ஏறி இறங்கினார். முடித்தபோது சார்ஜ் எழுபதுக்கு மேல் இருந்தது. அப்போதுதான், "நானும் பாக்கலாமா?" என்று கேட்டு, அக்கா ஒரு கல்லை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"கிழக்க ஜன்னல் வச்ச இந்த ரூம் எதுக்கு?"

"சரக்கு ரூம்" என்றார் அண்ணாச்சி.

"சரக்குக்கு என்னத்துக்கு ஜன்னல்? இங்கன எனக்குத் தையல் மிசின் போடணும்."

"நீ தைச்சு என்ன வரப்போவுது?"

அக்கா நிமிர்ந்தார். "பதினாறு வருசமா என் காய நீங்களே கேட்டு நீங்களே எடுத்தீக. அதுக்கு என்ன வெலன்னு எனக்கே தெரியாது. இந்தப் பிள்ள வந்துதான் தெரிஞ்சிச்சு."

அண்ணாச்சி பூசணிக்காயைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், காற்றாலையைப் பார்த்தார். பிறகு என்னிடம், "அந்த ரூம்ல மிசினப் போட்டுருங்கம்மா" என்றார்.

அறையின் பெயரை அங்கேயே மாற்றினேன். அதற்கும் வட்டம் சுற்றியது. மூன்று பேரும் காத்திருந்தோம்.

நவம்பர் 29, சனி

ரேம் வாங்கப் போனேன். விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டதாம். "அப்பமே வாங்கியிருக்கலாம்லா?" என்கிறான் குமரகுருபரன். காலி இடம் எங்கேயும் ஓடிவிடாது என்று சொல்லிவிட்டு நேரே ராதாபுரம் பஸ் ஏறினேன்.

என் ஆட்கள் அஸ்திவாரம் தோண்டி முடித்துவிட்டார்கள். கிளம்பும்போது ஜெபகனி அக்கா காகிதத்தில் மடித்துக் கொஞ்சம் பூசணி விதை தந்தார். "வீட்டுக்குப் பின்னால ஊனுங்க. அடுத்த பண்டிகைக்கு நீங்களும் ஒரு காய் கொண்டாந்து ஏலத்துல வைக்கணும். கேக்கதுக்கு நான் இருக்கேன்."